எரிந்த கடிதங்கள், எரியாத படங்கள்

செல்போனை நீட்டிப் பிடித்துத் தன்னைத் தானே படம் எடுத்துக் கொள்பவர்களைத் தினமும் பார்க்கிறீர்கள். நூறு வருடங்களுக்கும் முன்பே, மூன்று கால் ஸ்டாண்டில் பெட்டி மாதிரி ஒரு கேமராவை நிறுத்தி வைத்து, தன்னைத் தானே விதவிதமாகப் படம் எடுத்துத் தள்ளிய ஓர் அப்பா இருந்தார், தெரியுமா குழந்தைகளே?

அவர் பெயர் உம்ராவ் சிங் ஷேர்-கில். 1870-ல் பிறந்தவர். பஞ்சாபில் மஜீத்தியா என்ற பெரிய ஜமீன் குடும்பத்துச் சீக்கியர். ஆனால், ஜமீன் வேலைகளில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. சமஸ்கிருதமும் பாரசீகமும் படிப்பார். தொலைநோக்கியில் நட்சத்திரம் பார்ப்பார். யோகாசனம் செய்வார். ஒரு தடவை 15 நாட்கள் பட்டினி விரதம் இருந்துவிட்டு, 'உடம்பு எப்படி ஆகியிருக்கிறது பார்ப்போம்' என்று அதையும் படம் எடுத்து வைத்துக் கொண்டார்! நீளத் தாடி, கூரிய மூக்கு, சோகமான கண்கள். படங்களில் அவரைப் பார்த்தால் ஒரு முனிவர் மாதிரித்தான் இருக்கும்.

அந்தக் கால கேமராவில் பிலிம் சுருளுக்குப் பதில் கண்ணாடித் தகடு போடுவார்கள். கை தவறிக் கீழே விழுந்தால் போச்சு. உம்ராவ் சிங் கறுப்பு வெள்ளையோடு நிற்கவில்லை. வண்ணப் படமும் எடுத்துப் பார்த்தார். பிரான்ஸ் நாட்டின் லூமியர் சகோதரர்கள் 1907-ல் விற்பனைக்குக் கொண்டு வந்த வண்ணத் தகட்டில் என்ன பூசியிருந்தார்கள் என்று சொல்லுங்கள் பார்க்கலாம். உருளைக்கிழங்கு மாவு! அந்த மாவின் பொடித் துகள்களுக்கு ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று மூன்று சாயம் ஏற்றி, கண்ணாடி மேல் ஒரே அடுக்காகத் தூவி ஒட்டியிருப்பார்கள். நாம் பொரியல் செய்து சாப்பிட்டு விடும் கிழங்கில் அவர்கள் உலகத்தின் நிறத்தையே பிடித்தார்கள்.

சரி, இவர் எடுத்த படங்களில் அப்படி என்ன விசேஷம்? அதைத் தெரிந்து கொள்ள அந்த வீட்டு அம்மாவையும் மகள்களையும் பார்க்க வேண்டும்.

அம்மா பெயர் மரி அந்த்வானெத் காட்டெஸ்மன். ஹங்கேரி நாட்டுக்காரர். யூத வம்சத்தில் வந்தவர். மேடையில் பாடுவார்; பியானோ வாசிப்பார். மகாராஜா ரஞ்சித் சிங்கின் பேத்தியான இளவரசி பாம்பாவுக்குத் துணையாக இந்தியாவுக்கு வந்தவர், லாகூரில் உம்ராவ் சிங்கைச் சந்தித்தார். 1912-ல் இருவருக்கும் கல்யாணம். அதே வருடம் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட்டுக்குப் போனார்கள். அங்கே 1913 ஜனவரி 30-ந் தேதி மூத்த மகள் பிறந்தாள். அவள்தான் அம்ரிதா. அடுத்த வருடம் தங்கை இந்திரா.

குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல் வந்தது.

எம்டன் குண்டு போட்ட வருடம்

யாராவது ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக, கறாராக இருந்தால், 'அவன் சரியான எம்டன்' என்று உங்கள் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எம்டன் என்பது ஜெர்மனியின் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசி, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தி விட்டுப் போனது. சென்னையே நடுங்கியது. அதுதான் முதல் உலகப் போர்.

அந்தப் போரில் இந்தியாவை ஆண்ட பிரிட்டன் ஒரு பக்கம். ஜெர்மனியும், ஹங்கேரி சேர்ந்திருந்த ஆஸ்திரியப் பேரரசும் எதிர்ப்பக்கம். இப்போது உம்ராவ் சிங்கின் நிலைமையை யோசியுங்கள். அவர் பிரிட்டிஷ் இந்தியாவின் குடிமகன். இருப்பதோ பிரிட்டனின் எதிரி நாட்டில்! மனைவி அந்த ஊர்க்காரர். பஞ்சாபிலிருந்து புறப்பட்ட இவர் ஊர்ச் சிப்பாய்கள் பிரிட்டனுக்காகச் சண்டை போடுகிறார்கள். இவர் எதிரணி நாட்டில் மகள்களுக்குப் பால் புகட்டிக் கொண்டிருக்கிறார்.

போர் முடியும்வரை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் 1921 வரை அந்தக் குடும்பம் ஹங்கேரியிலேயே இருந்தது. புடாபெஸ்ட்டுக்குத் தெற்கே, டான்யூப் நதிப் பக்கம் இருக்கும் துனஹரஸ்தி என்ற சின்ன ஊரில் பல காலம் தங்கினார்கள். அந்த வருடங்களில்தான் உம்ராவ் சிங் இரண்டு மகள்களையும் படம் எடுத்தார். அந்தப் படங்களில் பீரங்கி இல்லை, சிப்பாய் இல்லை. கவுன் போட்ட இரண்டு குட்டிப் பெண்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் அம்மா. போர்க்காலப் படம் என்றால் குண்டும் புகையும்தான் என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். போர் நடக்கும்போதும் ஏதோ ஒரு வீட்டில் ஓர் அம்மா மகளுக்குத் தலை வாரித்தான் விடுகிறாள். அதை யாராவது படம் எடுத்தால்தானே பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்?

அம்ரிதாவுக்கு ஐந்து வயது ஆவதற்குள் வண்ணப் பென்சில் கைக்கு வந்துவிட்டது. பொம்மைகளை வரைவாள். அம்மா சொல்லும் கதைகளுக்குப் படம் போடுவாள். பெரியவரான பிறகு தன் ஓவியத்தைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். யாரோ கோடு போட்டுக் கொடுத்த படத்துக்குள் வண்ணம் தீட்டுவது அவருக்குச் சின்ன வயதிலேயே பிடிக்காதாம். கோடும் நான்தான் போடுவேன், வண்ணமும் நான்தான் தீட்டுவேன் என்ற கட்சி! ('வண்ணம் தீட்டி மகிழுங்கள்' பகுதி போடும் எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்திதான்.)

1921-ல் குடும்பம் இந்தியாவுக்கு வந்து சிம்லாவில் குடியேறியது. அம்ரிதாவுக்கு அப்போது எட்டு வயது. அங்கே டைரி எழுத ஆரம்பித்தார். 12 வயதில் எழுதிய ஒரு பக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். மணப்பெண்ணுக்கு 13 வயது. மாப்பிள்ளை அவளைவிட மிகவும் மூத்தவர். அந்தப் பெண் பட்டும் நகையுமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அம்ரிதாவுக்கு மனசு பொறுக்கவில்லை. அவளுக்கு இனிமேல் என்ன ஆகுமோ என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். வரைய வந்த கை இல்லையா, பார்த்ததை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. பின்னால் அவர் வரைந்த ஓவியங்களில் மூலையில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் நிறைய வருகிறார்கள். அந்த டைரியைப் படித்த பிறகு அந்த ஓவியங்களைப் பார்த்தால், 'ஓ, இவளைத்தான் இவர் முன்பே பார்த்திருக்கிறாரே' என்று தோன்றும்.

1929-ல் குடும்பமே பாரிசுக்குப் போனது, அம்ரிதா ஓவியம் படிப்பதற்காக. அங்கே 19 வயதில், தங்கை இந்திராவையும் ஒரு தோழியையும் உட்கார வைத்து 'இளம் பெண்கள்' என்ற ஓவியம் வரைந்தார். அது 1933-ல் பாரிசின் பெரிய ஓவியக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது. ஆனாலும், 'நான் வரைய வேண்டியது இந்தியாவில்தான் இருக்கிறது' என்று 1934 கடைசியில் திரும்பி விட்டார்.

அவர் நம் பக்கமும் வந்திருக்கிறார். 1936 கடைசியிலும் 1937 தொடக்கத்திலும் அஜந்தா பார்த்துவிட்டு, ஐதராபாத், திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி என்று சுற்றினார். (கன்னியாகுமரி அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-ல்தான் நம் மாநிலத்தோடு சேர்ந்தது.) கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவர் ஓவியங்களைப் பார்த்துச் சொக்கிப் போய், உட்கார்ந்து நகல் எடுத்தார். அந்த அரண்மனைக்குப் பக்கத்திலேயே 1568-ல் கட்டிய யூதர்களின் தொழுகைக் கூடம் இருக்கிறது. இன்றும் போனால் இரண்டையும் ஒரே நடையில் பார்க்கலாம். இந்தப் பயணம் முடிந்து சிம்லாவுக்குப் போய் வரைந்தவைதான் 'மணப்பெண் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்' என்ற மூன்று புகழ்பெற்ற ஓவியங்கள்.

அடுப்பில் போன கடிதங்கள்

இனி வருவதுதான் எனக்கு மனதை உறுத்தும் பகுதி.

1938-ல் அம்ரிதா ஹங்கேரிக்குப் போனார். அங்கே டாக்டரான விக்டர் ஈகன் என்ற உறவுக்காரரைக் கல்யாணம் செய்து கொண்டார். அதுவரை தனக்கு வந்த கடிதங்களை எல்லாம் சிம்லா வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அவற்றில் ஜவஹர்லால் நேரு எழுதியவையும் உண்டு. கல்யாணமான பெண்ணுக்கு இந்தப் பழைய கடிதங்களால் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்று பெற்றோருக்குப் பயம். எல்லாவற்றையும் படித்துப் பார்த்து நெருப்பில் போட்டுவிட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் அம்ரிதா அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். கத்தவில்லை; திட்டவில்லை. மூட்டை கனக்கிறதே என்றுதான் விட்டுவிட்டு வந்தேன், எனக்குப் பயமான கடிதங்கள் என்பதால் அல்ல என்றார். வயதான காலத்தில் பழைய கடிதங்களைப் படித்து மகிழ்ந்திருப்பேன், இனி அதற்கு வழியில்லை என்று கேலியும் வருத்தமுமாக எழுதினார்.

அந்த 'வயதான காலம்' அவருக்கு வரவே இல்லை குழந்தைகளே. 28 வயதில் இறந்து போனார்.

எனக்குப் புரியாதது இதுதான். கண்ணாடித் தகட்டில் மகள்களின் ஒவ்வொரு அசைவையும் பத்திரப்படுத்திய வீடு அது. அதே வீட்டில்தான் அடுப்பும் எரிந்தது! பயம் வந்தால் பெரியவர்களும் இப்படிச் செய்துவிடுகிறார்கள்.

ஒரு கடிதத்துக்கு இரண்டு முனை உண்டு அல்லவா? நேரு எழுதியது சாம்பலாகி விட்டது. ஆனால், அம்ரிதா நேருவுக்கு எழுதியது நேருவிடம் இருந்தது. தனக்கு வந்த பழைய கடிதங்களைத் தொகுத்து நேரு 1958-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் அம்ரிதாவின் கடிதமும் இருக்கிறது. டெலிபோனில் ஒருவர் பேசுவது மட்டும் நம் காதில் விழுவது போல, பாதி உரையாடல் மிஞ்சியது.

அம்ரிதா ஹங்கேரியில் இருந்த அந்த ஒரு வருடம் சாதாரண வருடம் இல்லை. 1938 மே மாதம் அங்கே யூதர்களுக்கு எதிரான முதல் சட்டம் வந்தது. இத்தனை பேருக்கு மேல் யூதர்களுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்றது. 1939-ல் வந்த இரண்டாவது சட்டம், நீ எந்தக் கோவிலுக்குப் போகிறாய் என்பதோடு நிற்கவில்லை. உன் தாத்தா பாட்டி யார் என்று கேட்டது. அம்ரிதாவுக்குக் கிறிஸ்தவ முறைப்படி ஞானஸ்நானம் ஆகியிருந்தது. ஆனால், இப்படிக் கணக்குப் பார்க்கும் நாட்டில் அது யாரைக் காப்பாற்றும்? 1939 ஜூலையில் அம்ரிதாவும் விக்டரும் இந்தியா வந்து சேர்ந்தார்கள். செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது.

அங்கேயே இருந்தவர்களின் கதை கொடூரமானது. 1944 மே முதல் ஜூலை வரை எட்டே வாரங்களில், ஹங்கேரியிலிருந்து சுமார் 4,37,000 யூதர்களை ரயிலில் அடைத்து அனுப்பினார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது ஆஷ்விட்ஸ் என்ற மரண முகாம். லிலி யாக்கப் என்ற 18 வயதுப் பெண்ணும் அப்படிக் கொண்டு போகப்பட்டவர். 1945-ல் விடுதலையானபோது, வேறொரு முகாமில், சிப்பாய்கள் தங்கியிருந்த கட்டடத்தின் அலமாரியில் ஓர் ஆல்பத்தைக் கண்டெடுத்தார். திறந்து பார்த்தால், ஜெர்மானியக் காவலர்கள் எடுத்த படங்கள். அவற்றில் லிலியின் ஊர் மதகுரு நிற்கிறார்! இன்னொரு படத்தில் லிலியின் சொந்தத் தம்பிகள்! அவர்கள் உயிரோடு இல்லை. அந்த ஆல்பத்தை அவர் பல வருடம் தன்னிடமே வைத்திருந்து, 1980-ல் ஜெருசலேமில் உள்ள யாத் வஷெம் நினைவகத்திடம் கொடுத்தார். 'அப்படி ஒன்றும் நடக்கவில்லை' என்று யாராவது சொன்னால், கிட்டத்தட்ட 200 படங்கள் பதில் சொல்கின்றன.

மீண்டும் ஓர் எதிரி

அம்ரிதா கதைக்கு வருவோம். 1941 செப்டம்பரில் அவரும் விக்டரும் லாகூருக்குக் குடிபோனார்கள். டிசம்பரில் அங்கே அவருடைய ஓவியக் கண்காட்சி நடக்க வேண்டும். அதற்குச் சில நாள் முன்பு திடீரென்று உடம்பு சரியில்லாமல் போய், டிசம்பர் 5-ந் தேதி இரவு உயிர் பிரிந்தது. அதே நாட்களில்தான் பிரிட்டன், ஹங்கேரி மீது போர் அறிவித்தது. ஹங்கேரிக்காரரான விக்டர் இந்தியாவில் 'எதிரி நாட்டவர்' ஆகிவிட்டார். மனைவியைப் பறிகொடுத்த கையோடு அவரைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள்.

1914-ல் மாமனார், எதிரி நாட்டுக்காரராக ஹங்கேரியில். 1941-ல் மருமகன், எதிரி நாட்டுக்காரராக இந்தியாவில். இருவருமே யாரையும் அடித்ததில்லை. ஒருவர் கையில் கேமரா, இன்னொருவர் கையில் ஸ்டெதாஸ்கோப்.

பிறகு, உம்ராவ் சிங்கும் விக்டரும் தங்களிடம் இருந்த அம்ரிதாவின் ஓவியங்களை நாட்டுக்கே கொடுத்துவிட்டார்கள். டில்லியில் 1954-ல் திறந்த தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய ஓவியங்கள் நூறுக்கும் மேல் இருக்கின்றன. 1976-ல் அரசாங்கம் அவற்றைத் தேசியக் கலைச் செல்வம் என்று அறிவித்தது. யாரும் அவற்றை வெளிநாட்டுக்கு விற்க முடியாது. அவர் 1937-ல் வரைந்த 'கதை சொல்லி' என்ற ஓவியம் 2023-ல் ஏலத்துக்கு வந்தபோது 61.8 கோடி ரூபாய்க்குப் போனது!

ஓவியம் பத்திரமாகிவிட்டது. அந்த வீட்டுப் படங்களும், டைரியும், மிச்சக் கடிதங்களும்? அவற்றைக் காப்பாற்றியது தங்கை இந்திராவின் வீடு. இந்திரா கல்யாணம் செய்து கொண்டது கே.வி.கே. சுந்தரம் என்ற நம் தென்னாட்டுக்காரரை. 1958 முதல் 1967 வரை இந்தியாவின் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர் அவர்தான். அவர்களுடைய மகன் விவான் சுந்தரம், 1943-ல் பிறந்தவர். பெரியம்மாவைப் போலவே ஓவியரானார். 2023-ல் காலமானார். தாத்தா எடுத்த படங்கள்தான் அவருக்குக் கிடைத்த பெரிய சொத்து. 1995-ல் அந்தப் படங்களையும் பொருட்களையும் பெட்டி பெட்டியாக வைத்து ஒரு கண்காட்சியே அமைத்தார். ஹங்கேரியன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் சிதறிக் கிடந்த அம்ரிதாவின் கடிதங்களையும் எழுத்துகளையும் தேடித் தொகுத்து, 2010-ல் இரண்டு பெரிய புத்தகங்களாகக் கொண்டு வந்தார். 12 வயது அம்ரிதா எழுதிய அந்தக் கல்யாண வீட்டு டைரிப் பக்கம் நமக்குக் கிடைத்தது இப்படித்தான்.

நம் கடலூர், சிதம்பரம், மங்கலம்பேட்டைப் பக்கம் எத்தனையோ வீடுகளில், பர்மாவுக்கோ மலேயாவுக்கோ பிழைக்கப் போன கொள்ளுத் தாத்தாவின் ஒரே ஒரு படம் இருக்கும். சில வீடுகளில் இருந்தது, 2011 டிசம்பர் 30-ல் அடித்த தானே புயலில் நனைந்து போயிருக்கும். உங்கள் வீட்டில் மிச்சம் இருந்தால் அவசரமாக ஒரு வேலை செய்யுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருடம் என்று பாட்டியிடம் கேட்டு, படத்தின் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். கிழிந்த படத்தை செல்லோ டேப் போட்டு ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக் கவரில் ஒட்டிக் கொண்டு விட்டால் பிய்த்து இழுக்காதீர்கள். பீரோவின் மேல் தட்டில், மழைத் தண்ணீர் எட்டாத இடத்தில், காகித உறையில் போட்டு வையுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, இது விளையாட்டு. விவான் 2001, 2002-ல் தாத்தா எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று சேர்த்துப் புதுப் படங்கள் செய்தார். வேறு வேறு வருடத்தில், வேறு வேறு ஊரில் எடுத்தவை ஒரே படத்தில் வரும். வயதான அப்பாவுக்குப் பக்கத்தில் இளம் வயது அம்ரிதா. புடாபெஸ்ட் பாப்பாவுக்குப் பின்னால் சிம்லா வீடு. நீங்களும் செய்யலாம். உங்கள் வயதில் தாத்தா எடுத்துக் கொண்ட படத்தையும் உங்கள் படத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, கத்தரித்து, ஒரே அட்டையில் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். யார் மூக்கு யாருக்கு வந்திருக்கிறது என்று தெரியும். கத்தரிக்கோலை ஜெராக்ஸில் மட்டும் வையுங்கள். அசல் படத்தில் வைத்தீர்களோ, பாட்டி எம்டனாகி விடுவார்!